பறக்கும் தட்டும் கண்டக்டர் சித்தப்பாவும்

நானும் ஒரு காலத்துல பறக்கும் தட்டு பார்த்தவன்தான். சிரிக்காதீங்க. சிரிக்கறதைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதப் போறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். வருஷம் 1986. எனக்குப் பத்து வயசு, அஞ்சாம் கிளாஸ். ஊர் வாணியம்பாடிக்குத் தெற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரு சின்ன கிராமம். அப்போ வட ஆற்காடு மாவட்டம், இப்போ திருப்பத்தூர் மாவட்டம். தெருவுக்கு ரெண்டு டியூப் லைட், அதுல ஒண்ணு எப்பவும் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். எட்டு மணிக்கு கரண்ட் போயிட்டா கதையே முடிஞ்சுது. கயித்துக் கட்டிலை வாசல்ல இழுத்துப் போட்டு மல்லாந்து படுத்தா, மேல உப்பு மூட்டை கொட்டின மாதிரி நட்சத்திரம்.

அந்த வருஷம் வானத்துக்கே திருவிழா. ஜனவரியில பிரதமர் ராஜீவ் காந்தி எங்க மலைக்கு மேல இருக்கற காவலூருக்கு வந்தார். நம்ம நாட்டுலயே செஞ்ச 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, 1982-ல மறைஞ்ச விஞ்ஞானி வைணு பாப்பு பேரை வெச்சாங்க. மார்ச், ஏப்ரல்ல ஹாலி வால்நட்சத்திரம். ஊரே விடியக்காலையில எழுந்து பார்த்துச்சு. பள்ளிக்கூடத்துல சுவத்துல வரைஞ்சிருந்த வாலோட நீளத்துக்கு நான் எதிர்பார்த்துப் போனா, பிச்சுப் போட்ட பஞ்சு மாதிரி என்னவோ ஒண்ணு. ‘இவ்வளவுதானா?’ன்னு திரும்பப் போய் படுத்துட்டேன். அடுத்தது 2061-ல வரும். அப்போ எனக்கு 85. பார்ப்போம்.

ஆக, வானத்து மேல ஒரு கண்ணு ஏற்கெனவே இருந்துச்சு. கூடவே டெண்ட் கொட்டாயில எம்.ஜி.ஆர். நடிச்ச ‘கலை அரசி’ போட்டாங்க. 1963-ல வந்த படம். வேற கிரகத்துல இருந்து ஒருத்தன் வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போவான், அவங்க பாட்டுக்காக! மணல் குவிச்சு உட்கார்ந்து வாயைப் பொளந்துக்கிட்டு பார்த்தேன். படம் முடிஞ்சு வரும்போது அப்பா கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். எனக்குப் பாட வராதுங்கறது அப்போ பெரிய நிம்மதியா இருந்துச்சு. :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஆகஸ்ட் மாசக் கடைசி. அப்பாவோட சந்தைக்குப் போயிட்டு சைக்கிள்ல திரும்பி வர்றோம். நான் பின்னாடி கேரியர்ல, மடியில கத்தரிக்காய் பை. ஏழரை மணி இருக்கும். ரோட்டுக்கு வலது பக்கம் புளியமரங்கள், அதுக்குப் பின்னாடி வயல். மரத்துக்கு நடுவுல பளிச்சுன்னு ஒரு வெளிச்சம். நட்சத்திரம் மாதிரி இல்லை, அவ்வளவு பெருசு. சைக்கிள் போகப் போக அதுவும் கூடவே வருது. மரத்துக்குப் பின்னாடி ஒளியுது, வெளிய வருது, ஒளியுது, வெளிய வருது. அப்பா ஒரு இடத்துல நின்னு பீடி பத்த வெச்சார். அதுவும் நின்னுச்சு!

எனக்கு உடம்பு ஜில்லுன்னு ஆயிடுச்சு. அப்பாகிட்ட மூச்சு விடலை. ராத்திரி பூரா தூக்கம் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துல ஒருத்தன்கிட்ட ரகசியமா சொன்னேன். ரகசியம் பத்து நிமிஷத்துல வாத்தியார் வரைக்கும் போயிடுச்சு. எழுந்து நிக்கச் சொன்னார். ‘என்னடா பார்த்தே?’ன்னார். ‘பறக்கும் தட்டு சார்’னேன். அவர் வகுப்பைப் பார்த்து, ‘தட்டுல சோறு இருந்துச்சா, காலித் தட்டா?’ன்னு கேட்டார். மொத்த வகுப்பும் சிரிச்சுது. அன்னியிலிருந்து எனக்குப் பேரு ‘தட்டு’. அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வர்ற வரைக்கும் தட்டுதான்.

இப்போ நான் சொல்லப் போறதுதான் முக்கியம். அந்தச் சிரிப்பு என்னை என்ன செஞ்சுதுன்னா, பொய் சொல்ல வெச்சுது. மத்தியானம் சோத்து மணி அடிச்சதும் நாலு பேர் சுத்தி நின்னு, ‘நிஜமாவாடா?’ன்னாங்க. நான், ‘ஆமாடா, ஜன்னல் கூட இருந்துச்சு’ன்னேன். சாயந்திரத்துக்குள்ள ஜன்னல்ல பச்சை லைட் வந்துடுச்சு. மறுநாள் அந்த ஜன்னல்ல ஒரு தலையும் தெரிஞ்சுது. நான் பார்த்தது வெறும் வெளிச்சம். அந்த ஜன்னலைப் போட்டது, என்னைப் பார்த்து சிரிச்சவங்களும் நானும் சேர்ந்துதான்.

இது என் கதை மட்டும் இல்லைன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. 1947 ஜூன் 24-ந் தேதி அமெரிக்காவுல கென்னத் அர்னால்டுன்னு ஒருத்தர் தன்னோட சின்ன விமானத்துல போகும்போது, ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் வேகமா போறதைப் பார்த்ததாச் சொன்னார். தண்ணியில தட்டை வீசினா தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி போச்சுன்னார். அவர் சொன்னது அது போன விதத்தை. பத்திரிகைக்காரங்க அதை உருவம்னு எடுத்துக்கிட்டு ‘பறக்கும் தட்டு’ன்னு போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஊர் ஊரா ஜனங்க என்ன பார்த்தாங்க? தட்டைத்தான் பார்த்தாங்க. பேரு முதல்ல வந்துச்சு, தட்டு பின்னாடி வந்துச்சு. என் ஜன்னல் மாதிரியேதான்.

எங்க வீட்டுல விஷயம் தெரிஞ்சதும் அம்மா துண்ணூறு பூசி விட்டாங்க. பாட்டி, ‘சந்தையில இருந்து வரும்போது புளியமரத்தடியில எதையோ மிதிச்சிருக்கான்’னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. சித்தப்பா ஒருத்தர்தான் வேற மாதிரி.

சித்தப்பா பஸ் கண்டக்டர். காலையில நாலரை மணி முதல் டிரிப் அவரோடது. பத்தாவது வரைக்கும் படிச்சவர். அவர் என்கிட்ட ரெண்டே வார்த்தைதான் சொன்னார்.

‘எங்க, காட்டு.’

அவர் நம்பினதாவும் சொல்லலை, நம்பலைன்னும் சொல்லலை. அன்னிக்கு ராத்திரி ஏழரைக்கு என்னைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் பின்னாடி களத்து மேட்டுக்கு வந்தார். மேற்கே பார்த்தா, அதே வெளிச்சம், அதே இடம். எனக்கு ஒரே சந்தோஷம். ‘பாரு சித்தப்பா, பாரு, அசையுது பாரு!’ன்னு குதிச்சேன்.

‘அசையுதா? இங்க வா. இந்தக் கம்பத்துக்குப் பின்னாடி நில்லு. கம்பத்து உச்சிக்கு நேரா அதை வெச்சுப் பாரு. இப்போ அசையுதா?’

அசையலை. கம்பத்து உச்சியில குந்திக்கிட்டு அப்படியே இருந்துச்சு. ரொம்ப நேரம் பார்த்தா மட்டும், மெதுவா, ரொம்ப மெதுவா கீழ இறங்குது.

‘நேத்து அது உன்கூட வந்துச்சுன்னு சொன்னியே, நிலா கூட வருமே, அது மாதிரியா வந்துச்சு?’ன்னு கேட்டார்.

நான் யோசிச்சேன். ஆமா, நிலா வர்ற மாதிரியேதான்.

‘சரி, அது தட்டுதான்னு வெச்சுக்கோ. நாளைக்கும் இதே நேரத்துக்கு வருதான்னு பார்ப்போம்.’

மறுநாள் வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்துச்சு. நாலாம் நாள் மேகம். அஞ்சாம் நாள் திரும்ப வந்துச்சு. சித்தப்பா பீடியை அணைச்சுட்டுச் சொன்னார்: ‘நம்ம பஸ்ஸே இவ்வளவு கரெக்டா வராதுடா. தட்டுக்காரன் டைம் டேபிள் போட்டுக்கிட்டா வருவான்?’

எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. இந்தத் தடவை சிரிச்சது நான், யாரும் என்னைப் பார்த்து சிரிக்கலை. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

அது வெள்ளி. சுக்கிரன்னு ஜோசியக்காரங்க சொல்றதும் அதைத்தான். நிலாவுக்கு அடுத்தபடியா ராத்திரி வானத்துல பிரகாசமானது. அன்னிக்கே தெற்குப் பக்கம் சிவப்பா இன்னொண்ணைக் காட்டி, அது செவ்வாய்னார். எங்க பெரியப்பா பொண்ணுக்கு அப்போ செவ்வாய் தோஷத்தால கல்யாணம் தள்ளிக்கிட்டே போச்சு. ‘அந்த செவ்வாயா?’ன்னு கேட்டேன். ‘அதேதான். பாரு, அது பாட்டுக்கு இருக்கு. நம்ம வீட்டு விஷயம் அதுக்கென்ன தெரியும்’னார்.

அதோட விடலை. நவம்பர்ல வெள்ளி காணாம போச்சு. எனக்கு யாரோ செத்துப் போன மாதிரி இருந்துச்சு. டிசம்பர்ல ஒரு நாள், நாலு மணிக்கு என்னை எழுப்பினார். முதல் டிரிப்புக்குக் கிளம்பிட்டிருக்கார், தோள்ல பை, கையில டார்ச். வாசலுக்கு இழுத்துட்டு வந்து கிழக்கே காட்டினார். அங்க நிக்குது, சாயந்திரம் பார்த்ததை விட பளபளன்னு. ‘உன் தட்டு டூட்டி மாத்திக்கிச்சுடா. இப்போ காலை ஷிப்ட்’னுட்டு சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டார்.

பனியில நடுங்கிக்கிட்டு நான் அங்கயே நின்னேன். பறக்கும் தட்டு பார்த்த அன்னிக்கு வந்த சிலிர்ப்பை விட இது பெருசா இருந்துச்சு. சாயந்திர வெள்ளியும் விடிவெள்ளியும் ஒண்ணுதான்னு புஸ்தகத்துல படிக்கறது வேற, அது மேற்கே மறைஞ்சு கிழக்கே முளைச்சதை நாமளே கூட இருந்து பார்க்கறது வேற.

இதெல்லாம் தெரிஞ்சா ஆச்சரியம் போயிடும்னு சில பேர் சொல்வாங்க. எனக்குப் போகலை. ஒரு உதாரணம் சொல்றேன். வெள்ளி எட்டு வருஷத்துக்கு ஒரு முறை, ரெண்டு மூணு நாள் முன்னப்பின்ன, அதே காலத்துல வானத்துல கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரும். நான் சைக்கிள் கேரியர்ல உட்கார்ந்து பார்த்த ஆகஸ்ட் 1986, அப்புறம் 1994, 2002, 2010, 2018, 2026 இப்படியே போகும். சித்தப்பா சொன்ன டைம் டேபிள் அவர் நினைச்சதை விடப் பெருசு!

பெரியவனானப்புறம் இந்தப் பறக்கும் தட்டு சமாச்சாரத்தை நிறைய படிச்சேன். படிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது. இதுல ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, ‘எல்லாம் வேற்றுக்கிரகவாசிதான், அரசாங்கம் மறைக்குது’ன்னு சொல்ற கட்சி. இன்னொண்ணு, ‘எல்லாம் உளறல்’னு சொல்ற கட்சி. ரெண்டு பேரும் எதிரிங்க மாதிரி தெரியும். ஆனா ரெண்டு பேரும் செய்யாத காரியம் ஒண்ணுதான்: எழுந்து போய் பார்க்கறது.

ஆலன் ஹைனெக்னு ஒரு வானியல் பேராசிரியர். அமெரிக்க விமானப்படை இந்த மாதிரி புகார்களை விசாரிக்க அவரை ஆலோசகரா வெச்சிருந்தது. ‘புளூ புக்’னு அந்தத் திட்டத்துக்குப் பேரு. ஆரம்பத்துல அவரும் சிரிக்கற கட்சிதான். 1966-ல மிச்சிகன்ல நிறைய பேர் வெளிச்சம் பார்த்ததாச் சொன்னப்போ, சதுப்பு நில வாயுவா இருக்கலாம்னு சொல்லி, நாட்டுக்கே கேலிப் பொருளாயிட்டார். அப்புறம் அவரே, ‘இதைச் சிரிச்சுத் தள்ளக் கூடாது, ஒழுங்கா ஆராயணும்’னு மாறிட்டார். 1969-ல திட்டத்தை மூடும்போது கணக்குல இருந்தது 12,618 புகார். அதுல 701-க்கு விடை கிடைக்கலை. மத்ததெல்லாம் கிரகம், நட்சத்திரம், பலூன், விமானம், இந்த மாதிரி.

நம்பற கட்சி அந்த 701-ஐ மட்டும் பிடிச்சுக்கும். விடை கிடைக்கலைன்னா விடை கிடைக்கலைன்னுதான் அர்த்தம், ‘அப்போ அவங்கதான்’னு அர்த்தம் இல்லை. சிரிக்கற கட்சி மீதி பன்னிரண்டாயிரத்தை மட்டும் பிடிச்சுக்கும். ஆனா அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கும் விடை கிடைச்சது யாரோ உட்கார்ந்து விசாரிச்சதாலதான், சிரிச்சதால இல்லை.

‘படிக்காதவங்கதான் வெள்ளியைப் பார்த்து ஏமாறுவாங்க’ன்னு நினைக்காதீங்க. லடாக்ல 2012 ஆகஸ்ட்ல இருந்து 2013 பிப்ரவரி வரைக்கும், எல்லையில காவல் நின்ன நம்ம ராணுவ வீரர்கள் பாங்காங் ஏரிப் பக்கம் வானத்துல மர்ம வெளிச்சம் பார்த்ததா 329 முறை பதிவு செஞ்சாங்க. சீனாவோட உளவு விமானமோன்னு சந்தேகம். யாரும் சிரிக்கலை. பெங்களூர்ல இருக்கற இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கேட்டாங்க. அவங்க ஆராய்ஞ்சு பார்த்து, ஒண்ணு வியாழன், இன்னொண்ணு வெள்ளின்னு சொன்னாங்க. எங்க காவலூரை நடத்தறதும் அதே நிறுவனம்தான். அந்தச் செய்தியைப் படிச்சப்போ சித்தப்பா ஞாபகம்தான் வந்துச்சு. ‘எங்க, காட்டு’ன்னு கேட்டிருக்காங்க பாருங்க!

இருட்டுல ஒத்தை வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டிருந்தா அது அசையற மாதிரி தோணும். சுத்தி வேற எதுவும் இல்லாததால கண்ணுக்குப் பிடிப்பு கிடைக்காது. அதான் சித்தப்பா கம்பத்தைக் கொடுத்தார். போற வண்டியில இருந்து பார்த்தா பக்கத்து மரம் பின்னாடி ஓடும், தூரத்து வெளிச்சம் கூடவே வரும். அடிவானத்துக்குக் கிட்ட வரும்போது காத்துல கலங்கி சிவப்பு, பச்சைன்னு மினுக்கும். இதெல்லாம் கண்ணு வேலை செய்யற விதம். பைத்தியக்காரத்தனம் இல்லை.

அமெரிக்க உளவுத்துறை 2021 ஜூன்ல ஒரு அறிக்கை விட்டுச்சு. 144 சம்பவம், அதுல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் உறுதியா விடை சொல்ல முடிஞ்சுது. அது காத்து இறங்கின ஒரு பெரிய பலூன். மத்ததுக்குப் போதுமான தகவலே இல்லை. அந்த அறிக்கையில எனக்குப் பிடிச்ச இடம் வேற. பார்த்ததைச் சொன்னா மத்தவங்க கேலி செய்வாங்கங்கற பயமே விசாரணைக்கு ஒரு தடைன்னு எழுதியிருந்தாங்க. 2023-ல நாசா அமைச்ச குழுவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லிச்சு. போர் விமானம் ஓட்டறவங்களுக்கே ‘தட்டு’ன்னு பேரு வெச்சிடுவாங்களோன்னு பயம்னா, அஞ்சாம் கிளாஸ் பையன் எம்மாத்திரம்?

இவ்வளவு வியாக்கியானம் பேசறேனே, நான் என்ன பண்ணேன்னு கேளுங்க.

2024 டிசம்பர். இப்போ சென்னையில, புறநகர்ல அப்பார்ட்மெண்ட் வாசம். என் பொண்ணுக்கு அப்போ பத்து வயசு. ஒரு நாள் சாயந்திரம் மொட்டை மாடியில விளையாடிட்டு இருந்தவ மூச்சிரைக்க ஓடி வந்தா. ‘அப்பா, வானத்துல ரயில் மாதிரி வரிசையா லைட் போச்சுப்பா, சத்தமே இல்லை!’ன்னா. நான் போன்ல ஏதோ பார்த்துக்கிட்டு இருந்தேன். நிமிரவே இல்லை. ‘ஏலியன் வந்து உன் ஹோம்வொர்க்கை எடுத்துட்டுப் போகப் போறான், போய் எழுது’ன்னு சொல்லி சிரிச்சேன். வீட்டுல இருந்தவங்களும் சிரிச்சாங்க. அவ ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு அவ ஃபிரெண்டுகிட்ட போன்ல பேசறது காதுல விழுந்துச்சு. ‘அதுல ஒண்ணு மட்டும் நின்னுச்சுடி. நின்னு என்னைப் பார்த்துச்சு.’

எனக்கு சுரீர்னு இருந்துச்சு. இது என் ஜன்னல் இல்லையா? முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி நான் போட்ட அதே ஜன்னல். அந்த வாத்தியாரை நான் இத்தனை வருஷமா மனசுல திட்டிக்கிட்டிருந்தேன். கடைசியில நானும் அதே வேலையைத்தான் செஞ்சிருக்கேன், அதுவும் சொந்தப் பொண்ணுக்கு.

அவ பார்த்தது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாசத்துல இருந்து கொத்துக் கொத்தா அனுப்பறாங்க. அனுப்பின சில நாளைக்கு முத்து கோத்த மாதிரி வரிசையா போகும், அப்புறம் விலகிடும். கீழ நமக்கு இருட்டிடும், மேல அதுங்களுக்கு இன்னும் வெயில் அடிச்சுக்கிட்டிருக்கும், அதான் அந்தப் பளபளப்பு. இதை நான் அப்பவே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனா விடை சொல்றதும் ஒரு விதத்துல வாயை அடைக்கறதுதான். சித்தப்பா எனக்கு முதல்லயே ‘அது வெள்ளிடா’ன்னு சொல்லியிருந்தா, நான் அன்னிக்கே மறந்திருப்பேன்.

அதனால அன்னிக்கு சாயந்திரம் போனை வெச்சுட்டு, ‘எங்க பார்த்தே? காட்டு’ன்னேன். முதல்ல நம்பலை. ‘சும்மா கிண்டல் பண்ணப் போறீங்க’ன்னா. அந்த வார்த்தை இன்னும் குத்துது.

நாலு நாள் மாடியில நின்னோம். ரயில் வரலை. மேற்கே வெள்ளி மட்டும் நின்னுச்சு. அதை அவளே கண்டுபிடிச்சு, தண்ணித் தொட்டி மேல இருந்த ஆண்டெனாவை அடையாளம் வெச்சுக்கிட்டா. (நான் கம்பத்து விஷயத்தை சொல்லவே இல்லை!) அஞ்சாம் நாள், சர்வதேச விண்வெளி நிலையம் நம்ம தலைக்கு மேல போற நேரத்தைப் போன்ல பார்த்து வெச்சுக்கிட்டுப் போனோம். சொன்ன நிமிஷத்துக்கு வந்துச்சு. நானூறு கிலோமீட்டர் உயரம், ஒன்றரை மணி நேரத்துல பூமியை ஒரு சுத்து. அப்போ அதுக்குள்ள சுனிதா வில்லியம்ஸ் இருந்தாங்க. சொன்னதும் ரெண்டு கையையும் ஆட்டினா. நிழல்ல போய் மறையற வரைக்கும் ஆட்டினா. அப்புறம் மெதுவா கேட்டா, ‘அப்போ மேல இருந்து யாரோ பார்த்தாங்கன்னு நான் சொன்னது முழுப் பொய் இல்லல்லப்பா?’

என்ன பதில் சொல்ல! ‘இல்லடா’ன்னேன்.

வேற கிரகத்துல உயிர் இருக்கான்னு அன்னிக்கே கேட்டா. எனக்குப் பத்து வயசு ஆனப்போ, சூரியனைத் தவிர வேற நட்சத்திரத்தைச் சுத்தற கிரகம் ஒண்ணு கூட உறுதியா தெரியாது. சூரியன் மாதிரி நட்சத்திரத்துக்கு முதல் கிரகம் கண்டுபிடிச்சது 1995-ல. 2025-ல எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டியாச்சு. அதனால எங்கயோ ஏதோ இருக்கலாம்னு நானும் ஆசைப்படறேன். ஆனா இங்க வந்து போறதுங்கறது வேற கணக்கு. நமக்குப் பக்கத்து நட்சத்திரமே 4.24 ஒளியாண்டு தூரம். விநாடிக்கு 17 கிலோமீட்டர் போற வாயேஜர் மாதிரி போனா எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும். நம்ம ஊர் ரோட்டுக்கு வந்து அப்பா பீடி பத்த வைக்கும்போது கூடவே நிக்கணும்னா, அவங்களுக்கு ரொம்பப் பொழுது போகாம இருந்திருக்கணும்!

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அந்த டியூப் லைட்டுக்குப் பதிலா இப்போ கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை எல்.ஈ.டி. நல்லதுதான், பாம்பு பயம் இல்லை, பொண்ணுங்க தைரியமா நடக்கறாங்க. ஆனா விளக்குக்கு மேல ஒரு மூடி போட்டா வெளிச்சம் தெருவுல மட்டும் விழும். வானத்துக்கு எதுக்கு லைட்டு? உலகத்துல மூணுல ஒருத்தருக்குப் பால்வீதியே கண்ணுக்குத் தெரியறதில்லைன்னு 2016-ல ஒரு ஆய்வு வந்துச்சு. லடாக்ல ஹான்லேங்கற ஊரை 2022-ல இருட்டு வானப் பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சாங்க. இருட்டைக் கூட அறிவிப்புப் போட்டுத்தான் காப்பாத்த வேண்டியிருக்கு. குழந்தைகளை மேல பார்க்கச் சொல்றதுக்கு முன்னாடி, மேல ஏதாவது மிச்சம் வெச்சாகணும் இல்லையா?

சித்தப்பாவுக்கு இப்போ எண்பதை நெருங்கிட்டிருக்கு. ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆயிடுச்சு. கயித்துக் கட்டில் போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்துடுச்சு. பொங்கல் அன்னிக்கு ராத்திரி வாசல்ல உட்கார்ந்திருந்தார். என் பொண்ணைக் கூப்பிட்டார்.

‘என்னம்மா, நீ வானத்துல ரயில் பார்த்தியாமே?’

அவ என்னைப் பார்த்தா. நான் எதுவும் சொல்லலை.

‘ஆமா தாத்தா. ஆனா அது நின்னு பார்க்கலை. அது நான் சேர்த்துக்கிட்டது.’

சித்தப்பா சிரிக்கலை. ‘அது பரவாயில்லை. உங்கப்பன் ஜன்னலே வெச்சான்’னார். அப்புறம் எல்.ஈ.டி. வெளிச்சம் படாம களத்து மேட்டுப் பக்கம் நாற்காலியை நகர்த்தச் சொன்னார். மேற்கே வெள்ளி. கிழக்கே நிலா, அதுக்குப் பக்கத்துலயே செவ்வாய், சிவப்பா. அவருக்கு நிலா தெரிஞ்சுது, மத்தது தெரிஞ்சுதான்னு எனக்கு சந்தேகம்.

அதனால அவளைப் பார்த்து அவர் சொன்னார்: ‘எங்க, காட்டு.’

அவ ஒவ்வொண்ணா காட்டினா.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. உங்க வீட்டுக் குழந்தை ஓடி வந்து வானத்துல என்னவோ பார்த்தேன்னு சொன்னா, நம்ப வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம். போனை வெச்சுட்டு எழுந்து கூடப் போங்க. பத்து நிமிஷம்தான் ஆகும். வாணியம்பாடிப் பக்கம் போனா காவலூரையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க, பொதுமக்களை என்னிக்கு விடறாங்கன்னு விசாரிச்சுக்கிட்டு. மலைப்பாதை, வளைவு அதிகம். வாந்தி வர்றவங்க எலுமிச்சம்பழம் கையில வெச்சுக்கோங்க. :-)